வளைந்த கிடார் உடலில் எபாக்சி கொண்டு ரேகை அடைப்பது

மகோகனியில் வெட்டிய கிடார் உடலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்ததும் வழுவழுவென்று இருக்கும். டார்ச் விளக்கைப் படுக்கவைத்த மாதிரி சாய்த்து அடித்துப் பாருங்கள். ஊசியால் கீறியது போல எங்கும் சின்னச் சின்னக் கோடுகள் தெரியும். மரம் உயிரோடு நின்றபோது தண்ணீர் ஏறிய குழாய்கள் அவை. அந்தக் குழிகளை நிரப்புவதைத்தான் ரேகை அடைப்பது என்கிறோம். அவற்றை அடைக்காமல் லாக்கர் (கடைசியில் அடிக்கும் பளபளப்புப் பூச்சு) அடித்தால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். சில வாரங்களில் லாக்கர் குழிக்குள் இறங்கி, கோடுகள் மறுபடி எழுந்து நிற்கும். மகோகனி, ஈட்டி, ஆஷ், தேக்கு எல்லாவற்றுக்கும் இந்த வேலை உண்டு. மேப்பிள், ஆல்டர் உடலுக்குத் தேவையில்லை.

நான் அடைப்பது எபாக்சியால், அதாவது இரண்டு பாகத்தைக் கலந்தால் இறுகும் பசையால். அதில் காய்ந்து பறந்துபோக நீரோ தின்னரோ இல்லை, அதனால் சுருக்கம் மிகக் குறைவு. ஃபெவிக்கால் மாதிரி வெள்ளைப் பசையில் ஏறக்குறையப் பாதி நீர்தான். காய்ந்ததும் குழிக்குள் வற்றிவிடும். தேய்க்கும் சூட்டில் இளகி உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். அது பட்ட இடத்தில் சாயமும் ஏறாது. சூப்பர் குளூ நன்றாக அடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வளைவில் தண்ணீராக ஓடும். ஒருமுறை கொம்பின் (உடலில் கழுத்துப் பக்கம் நீண்டு நிற்கும் முனை) உள்வளைவில் ஊற்றி, வழிந்ததைப் பருத்தித் துணியால் துடைத்தேன். துணி கையிலேயே புகைந்து விரல் நுனியைச் சுட்டுவிட்டது. பருத்தியில் பட்டால் அந்தப் பசை சட்டென்று கொதிக்கும். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு ஊசித்துளைக்கு மட்டும்தான் அதை எடுக்கிறேன்.

உடலை 220 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, குழிகளுக்குள் இருக்கும் தூசியைத் தூரிகையாலும் வாக்குவத்தாலும் எடுங்கள். தூசி இருக்கிற குழியில் பசை இறங்காது. எபாக்சி எண்ணெய் மாதிரி மரத்தை இருட்டாக்கும். நிறம் மாற வேண்டாம் என்றால் முதலில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லியதாக ஒரு கை பூசுங்கள். ஈட்டி மரத்தில் மட்டும் கவனம்: ஸ்பிரிட் பட்டால் அதன் நிறம் கரைந்து ஓரத்து வெள்ளைப் பட்டியில் ஏறிவிடும். அங்கே பூசும் துணியைச் சொட்டச் சொட்ட நனைக்காமல், லேசான ஈரத்தோடு ஒரே இழுப்பில் பூச வேண்டும்.

5 நிமிடத்தில் இறுகும் எபாக்சி வேண்டாம். 30 நிமிடம், அல்லது அதைவிட மெதுவான வகை வாங்குங்கள். மே மாத மதுரை வெயிலில் அந்த 30 நிமிடம் எனக்குப் பதினைந்தாகத்தான் கிடைக்கும். கிண்ணத்தில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே இன்னும் சீக்கிரம் இறுகும். அதனால் ஒரு தடவைக்குப் பத்து கிராம் மட்டும் கலந்து, உடனே மரத்தில் ஊற்றிவிடுவேன். நைட்ரைல் கையுறை கட்டாயம். இறுகாத எபாக்சி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வந்துவிடும், வந்தால் போகாது.

தட்டையான முதுகில் வேலை எளிது. பழைய ஏடிஎம் கார்டால் ரேகைக்குச் சாய்வாக அழுத்தித் தேய்த்து, பிறகு கார்டை நிமிர்த்திப் பிடித்து மிச்சத்தை வழித்துவிடலாம். சிரமம் வளைவில்தான். கார்டு ஒரு புள்ளியில் மட்டும் தொடும், மற்ற இடத்தில் பசை தடித்து நிற்கும். அதனால் ஒவ்வொரு வகை வளைவுக்கும் ஒரு கருவி. உள்வளைவின் சுவருக்கு, கார்டை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, நேராக நிறுத்தி, சுவரோடு சேர்ந்து திருப்பிக்கொண்டே போங்கள். குடைந்த மேல்முகத்தின் பள்ளத்துக்கு, கார்டின் ஓரத்தைக் கத்தரியால் கரண்டி வாய் போல வெட்டி, பிசிறு போகத் தேய்த்துக்கொள்ளுங்கள். உருண்ட விளிம்புக்குக் கையுறை போட்ட கட்டைவிரலை மிஞ்ச ஒன்றுமில்லை. விரலில் பசை இழுபடுவது தெரியும். இழுபடுவது நின்று லேசாக வழுக்கினால், மேலே இருந்தது போய்க் குழிக்குள் இருப்பது மட்டும் மிச்சம்.

எந்தப் பக்கம் பூசுகிறீர்களோ அது வானத்தைப் பார்க்கட்டும். பக்கச் சுவர்களை நாலு பாகமாகப் பிரித்து, உடலைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பூசுவேன். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் கீழ் விளிம்பில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். அப்புறம், கொம்பு நுனியிலும் தோள் பெல்ட்டை மாட்டும் பட்டன் வரும் அடிப்பாகத்திலும் ரேகையின் வெட்டுவாய் வெளியே தெரியும். அந்த இடம் பசையைக் குடித்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு துளி தேய்த்துவிடுங்கள்.

24 மணி நேரம் தொடாதீர்கள். மேலே பிசுக்கு மாதிரி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு 220இல் தேய்க்கலாம். வளைவில் மரக்கட்டை வைத்துத் தேய்க்கக் கூடாது, ஸ்பாஞ்ச் துண்டில் தாளைச் சுற்றுங்கள். விளிம்பில் விரல் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் முன்பே சாயம் ஏற்றியிருந்தால் அது போய் வெறும் மரம் தெரிந்துவிடும். பளபளப்பு முழுக்கப் போய் ஒரே மங்கலாக வரும்வரை தேய்க்க வேண்டும். மின்னுகிற கோடு எதுவோ அங்கே இன்னும் பள்ளம்.

இரண்டாவது பூச்சு முதலாவதைவிட மெல்லியதாக. மகோகனிக்கு இரண்டு போதும், ஆஷ் மூன்று கேட்கும். கடைசியில் 320 தாள், மறுபடி டார்ச். கோடு தெரியாவிட்டால் மெல்லிய அரக்கு ஒரு கை பூசி, அது காய்ந்ததும் லாக்கருக்குப் போய்விடலாம்.