"டிரைவர் போயிடுச்சு" என்பதற்கு முன்னால்

ரங்கூனில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாது. போதாததற்கு கரண்ட் போவதும் வருவதும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பழைய டெஸ்க்டாப்புகள்தான் என் மேசைக்கு வருகின்றன. தூக்கி வருகிறவர்கள் சொல்வது ஒன்றே: "தம்பி, டிரைவர் போயிடுச்சு போல."

டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள். பெரும்பாலும் அது எங்கும் போயிருக்காது.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளையின் கம்ப்யூட்டர். நீலத்திரை வந்து வந்து நின்றது. கிராபிக்ஸ் டிரைவரை மூன்று முறை மாற்றினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து விண்டோஸையே புதிதாகப் போட்டேன். கடைசியில் பெட்டியைத் திறந்தால், ராம் என்கிற நினைவகப் பட்டையின் பொன்னிறக் கால்கள் ஈரம் பட்டு மங்கிக் கிடந்தன. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் தேய்த்தேன், சரியாகிவிட்டது.

அதனால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள் ஒன்றுகூட ஸ்லாட்டில் விழாமல் துடையுங்கள். திரும்பச் செருகும்போது கிளிப் 'டக்' என்று விழ வேண்டும். இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் இருக்கும்.

அடுத்தது மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி, சிஆர் 2032. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அதற்கு வேலை குறைவு. கரண்ட் போனால் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். நம் ஊரில் அது சீக்கிரம் தீர்வதில் அதிசயமில்லை. தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழின் தேதி சரியில்லை என்று இணையதளங்கள் திறக்க மறுக்கும். உடனே நெட்வொர்க் டிரைவர் மீது பழி! புதிய பேட்டரி மீட்டரில் 3 வோல்ட்டோ சற்று மேலோ காட்டும். 2.5-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகே டிவைஸ் மேனேஜர், அதாவது கம்ப்யூட்டரின் பாகங்களை வரிசையாகக் காட்டும் விண்டோஸ் பகுதி. மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை இரண்டு முறை கிளிக் செய்து எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவரே இல்லை, போட வேண்டியதுதான். 43 என்றால் சாதனமே கோளாறு சொல்கிறது. யுஎஸ்பி சாமான் என்றால் முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் நின்றிருந்தால், அங்கேயே சவுண்டு சாதனத்தின் டிரைவர் பகுதியில் ரோல் பேக் பட்டன் அமுக்க முடிகிறதா பாருங்கள்; பழைய டிரைவர் திரும்பிவிடும்.

பெயர் தெரியாத சாதனமா? டீடெயில்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். வென் (VEN, தயாரிப்பாளரைக் குறிப்பது) என்பதற்குப் பின்னால் 8086 இருந்தால் இன்டெல், 10இசி (10EC) இருந்தால் ரியல்டெக். டிரைவரை போர்டு தயாரித்தவர்கள் தளத்திலிருந்தே எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே அமுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை நான் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். லேன் (நெட்வொர்க்) டிரைவரே இல்லாமல் நெட் வரவில்லையென்றால், போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுங்கள், போனின் நெட் கம்ப்யூட்டருக்கு வரும்.

அப்புறம் பயாஸ் அப்டேட், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது. அது பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துவிடலாம். ஜெனரேட்டரை நம்பிக்கூட நான் அதைத் தொடுவதில்லை. யூபிஎஸ் பேட்டரி முழுக்க ஏறியிருக்க வேண்டும்.