போனில் இறக்கியது ராத்திரி கோபோவில்: பழைய லேப்டாப்பில் ஒரு வீட்டு நூலகம்

எங்கள் வீட்டில் மின்நூல் முதலில் வந்து சேர்வது போனுக்குத்தான். மாமா வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்புவார். பஸ்ஸில் வரும்போது ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் நான் ஒன்றை இறக்கி வைப்பேன். அதை ராத்திரி கோபோ என்ற மின்நூல் வாசிப்பானில் படிக்க வேண்டுமென்றால் கேபிளைத் தேடி, கணினியைத் திறந்து, இழுத்துப் போட்டு... அதற்குள் தூக்கம் வந்துவிடும். இந்த அலைச்சலை மட்டும் இயந்திரத்திடம் விட்டுவிட்டேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யலாம்.

இதற்கு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியை வாங்கச் சொல்வார்கள். வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அதுவே மேல். பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலே சின்ன மின்வெட்டுகளுக்குப் போதும், தனியாக யுபிஎஸ் வேண்டாம். மூடியை மூடினாலும் தூங்கிவிடாதபடி பவர் செட்டிங்கை மாற்றி, காலிபரை நிறுவுங்கள். மின்நூல்களைச் சேர்த்து அடுக்கிவைக்கும் இலவச மென்பொருள்தான். கோவிட் கோயல் 2006-இல் இதைத் தொடங்கியதும் தன் சோனி ரீடர் லினக்ஸோடு ஒத்துப்போகாத எரிச்சலில்தான். கணினி தொடங்கும்போதே காலிபரும் தொடங்குமாறு வைத்துவிடுங்கள்.

இனி லேப்டாப்பில் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர். காலிபர் தன் நூலகத்தை வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் இது இருக்கவே கூடாது. ப்ரெஃபரன்ஸஸில் 'ஆடிங் புக்ஸ்' போய், 'ஆட்டோமேட்டிக் ஆடிங்' என்ற தாவலில் இந்த வரவு ஃபோல்டரைக் காட்டுங்கள். இனி அதில் விழும் எந்தப் புத்தகத்தையும் காலிபர் தானாக நூலகத்தில் சேர்த்துக்கொண்டு, வரவில் இருந்த கோப்பை அழித்துவிடும். ஆமாம், அழித்துவிடும். அதனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையே காட்டிவிடாதீர்கள்.

அதே தாவலில் இன்னும் இரண்டு முடிவுகள். எந்த வகைக் கோப்புகளை ஒதுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் பிடிஎஃப்பை டிக் செய்துவிடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தே இருக்காது, வெறும் படம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் செய்ததை ஈபப் என்ற மின்நூல் வடிவத்துக்கு மாற்றினால் குப்பைதான் வரும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸில் ஈபப்பே கிடைக்கிறது. தமிழ் இலக்கியங்களை மின்நூலாக்கி இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்து நூல் என்றால் யூனிகோட் எச்டிஎம்எல் பக்கத்தை எடுத்துக் காலிபரில் கையால் சேர்த்து மாற்றுங்கள், நன்றாகவே வரும். இரண்டாவது, 'ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்' என்ற வசதி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இரட்டை வந்தால் அது திரையில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். மூடிக் கிடக்கிற லேப்டாப்பில் யார் பதில் சொல்வது? அதை அணைத்துவிட்டு, 'ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ்' என்ற ப்ளகின்னை எப்போதாவது ஓட்டினால் போதும்.

போனிலிருந்து வரவுக்குக் கொண்டுவர, இரண்டு கருவிகளில் உள்ள ஃபோல்டர்களை ஒன்றுபோல் வைத்திருக்கும் சிங்க்திங் செயலி. லேப்டாப்பில் அதை நிறுவி, ஆண்ட்ராய்டில் 'சிங்க்திங்-ஃபோர்க்' என்ற அதன் கிளைப் பதிப்பைப் போடுங்கள், பழைய அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024-உடன் நின்றுவிட்டது. போனிலும் தனி ஃபோல்டர் ஒன்று வைத்து இரண்டையும் இணைத்துவிடுங்கள். இரு பக்கமும் அனுப்பிப் பெறும் இயல்பான முறையிலேயே விட்டால் ஒரு வசதி உண்டு: காலிபர் சேர்த்துவிட்டு அழித்ததும், போனிலும் கோப்பு மறைந்துவிடும். மறைந்ததா, சேர்ந்துவிட்டது. காலிபரின் நூலக ஃபோல்டரை மட்டும் எதனுடனும் இப்படி இணைக்காதீர்கள், உள்ளே இருக்கும் தரவுத்தளம் கெடும்.

சரி, கோப்பு வந்துவிட்டது. இதற்கு மேல் தானியங்கியை நான் நம்புவதில்லை. பகலில் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்குப் பட்டியல் தயாரிப்பதுதான் என் வேலை, அந்தப் பழக்கம் விடாது. இணையத்திலிருந்து மெட்டாடேட்டாவை, அதாவது நூலைப் பற்றிய விவரங்களை, மொத்தமாக இழுக்கும் பொத்தானைத் தமிழ் நூல்களுக்கு அழுத்தவே அழுத்தாதீர்கள். வேறு ஏதோ நூலின் அட்டையும் குறிப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர் பெயர் இன்னும் பெரிய தலைவலி. காலிபர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு முன்னால் தள்ளும். 'உ. வே. சாமிநாதையர்' சரியாகச் 'சா'வில் வரும். நூலகத்திலும் அப்படித்தான் அடுக்குவோம். ஆனால் இடைவெளி விடாமல் 'உ.வே.சாமிநாதையர்' என்று இருந்தால் முழுதும் ஒரே சொல்லாகி 'உ'வில் போய் உட்காரும். 'மறைமலை அடிகள்' 'அடிகள், மறைமலை' ஆகிவிடுவார். இதற்கென்று காலிபரில் இருக்கும் ட்வீக்கை, அதாவது நுண் அமைப்பை, மாற்றலாம். மாற்றினால் தலைப்பெழுத்துப் பெயர்கள் எல்லாம் கெடும். எனவே அதை அப்படியே விட்டு, 'மேனேஜ் ஆதர்ஸ்' பெட்டியில் ஒவ்வொருவரையும் ஒரு முறை திருத்துகிறேன். காலிபர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே ஆள் நாலு விதமாக எழுதப்பட்டிருந்தால், ஒரே பெயராக மாற்றியதும் நாலும் ஒன்றாகிவிடும்.

திருத்த வேண்டியவை எவை என்று தெரிய, 'ஆடிங் புக்ஸ்' பகுதியிலேயே புதிதாகச் சேரும் நூலுக்குத் தானாகக் குறிச்சொல் இட ஓரிடம் உண்டு. அங்கே 'பார்க்க' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை காபியோடு அந்தக் குறிச்சொல்லைத் தேடி, பெயர்களைச் சரிபார்த்து, குறிச்சொல்லை எடுத்துவிடுவேன்.

அடுத்தது விநியோகம். 'ஷேரிங் ஓவர் த நெட்' பகுதியில் நூலகத்தை மற்ற கருவிகளுக்குக் காட்டும் கன்டென்ட் சர்வரை, காலிபருடன் சேர்ந்தே தொடங்கும்படி வையுங்கள். ரவுட்டரில் லேப்டாப்புக்கு ஐபி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் என்றைக்காவது எண் மாறி, நூலகமே காணாமல் போனதுபோல் இருக்கும். ரவுட்டரில் வெளியுலகத்துக்கு வாசல் எதுவும் திறக்க வேண்டாம், வீட்டு வைஃபைக்குள் இருந்தால் போதும்.

கோபோவில் கோரீடர் என்ற வாசிப்புச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கருவியின் பூட்டை உடைக்கும் ஜெயில்பிரேக் எதுவும் தேவையில்லை, கோப்புகளைக் கேபிள் வழியாக நகலெடுத்தால் போதும். அந்தக் கேபிளுக்கு அதுதான் கடைசி வேலை. பூதக்கண்ணாடிப் படத்துக்குக் கீழே 'ஓபிடிஎஸ் கேட்டலாக்' இருக்கும், சர்வரில் உள்ள நூல்களின் பட்டியலைக் காட்டுவது அதுதான். புதிய முகவரியாக லேப்டாப்பின் ஐபி எண், முக்காற்புள்ளி, 8080, சாய்கோடு, பிறகு ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஓபிடிஎஸ் (opds). ராத்திரி அதைத் திறந்து, புதியவை வரிசையில் முதல் நூலைத் தட்டினால் இறங்கிவிடும். தமிழுக்கும் கோரீடர்தான் நல்லது. ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பைக் கொண்டு எழுத்துகளைக் கோப்பதால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்காது. நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவையும் கேபிள் மாட்டியிருக்கும்போதே கோரீடரின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, பிறகு தேர்ந்தெடுங்கள். இரு ஓரமும் சமன் செய்வதை நிறுத்திவிடுங்கள், ஆறு அங்குலத் திரையில் நம் நீளமான சொற்கள் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விடும்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் காலிபரில் மின்னஞ்சல் பகிர்வை அமைத்து, கிண்டில் முகவரிக்கு ஈபப்பையே அனுப்பலாம். 2022 முதல் அமேசான் அதை ஏற்கிறது. அனுப்பும் முகவரியை முதலில் அமேசான் கணக்கில் அனுமதித்திருக்க வேண்டும்.

மாமாவின் டேப்லெட்டிலும் கோரீடர்தான். சரிபார்க்காத நூல்கள் அவர் கண்ணில் பட்டால் "பேரு தப்பா இருக்கேம்மா" என்று உடனே குரல் வரும். அதற்கு வழி, சர்வரில் பயனர் கணக்குகளை இயக்கி, அங்கீகார முறையை 'பேசிக்' என்று வைத்து, அவர் கணக்கின் நூலக அனுமதியில் 'பார்க்க' குறிச்சொல் உள்ளவற்றை விலக்கும் தேடல் ஒன்றைக் கட்டுப்பாடாக எழுதுவது. இப்போது அவருக்கு நான் பார்த்து முடித்தவை மட்டுமே தெரிகின்றன.

மாதம் ஒரு தடவை 'எக்ஸ்போர்ட்' வசதியால் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்துவைக்கிறேன். லேப்டாப் செத்தாலும் வேறொன்றில் காலிபர் போட்டு இறக்குமதி செய்தால் திருத்திய பெயர்களோடு அப்படியே வந்துவிடும்.