டெல்டாவில் ஜியோகேச் ஒளிக்க: தோண்டாமல் ஆழம், ஏறாமல் உயரம்

ஜியோகேச்சிங் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு டப்பாவை (இதுதான் ஜியோகேச், சுருக்கமாகக் கேச்) எங்காவது ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் சீட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. உடனே, மே 3 அன்று, ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். விளையாட்டு அங்கேதான் தொடங்கியது. அந்த வாளி பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தது.

புதிதாக வருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பதும் இதைத்தான்: "புதைக்கலாமா?" இன்றைய விதிப்படி, ஒளிப்பதற்கோ எடுப்பதற்கோ மண்ணைத் தோண்டும்படி கேச் இருக்கக் கூடாது. நிலத்துக்குச் சொந்தக்காரர் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே குழி. என் கருத்து இன்னும் கறாரானது. காவிரி டெல்டாவில் அனுமதி கிடைத்தாலும் புதைக்காதீர்கள். ஆழமும் உயரமும் இங்கே தரைக்கு மேலேயே செய்துகொள்ளலாம். எப்படி என்று சொல்வதற்கு முன், ஏன் என்பதைச் சொல்கிறேன்.

மண்ணும் தண்ணீரும்

இங்கே பெரும்பாலும் களிமண். கோடையில் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும், தண்ணீர் பட்டால் உப்பி இறுகும். அதற்குள் ஒரு குழாயை நட்டால் ஒரு வருடத்துக்குள் சாய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்தால், காலியாக இருக்கும் மூடிய டப்பா மண்ணை நெக்கிக்கொண்டு மிதக்கப் பார்க்கும்.

அடுத்தது ஊர். கடப்பாரையோடு நிலத்தைக் கிளறும் வெளியாளைப் பார்த்தால் சிலையோ புதையலோ என்றுதான் நம் கிராமங்களில் முதலில் நினைப்பார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. திருவெண்காடு போல, மண்ணுக்கடியிலிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்த ஊர்கள் இங்கே உண்டு. சிலைக் கடத்தலால் நொந்துபோன ஊர்களும் உண்டு. உங்கள் விளையாட்டுக்காகத் தேட வருபவர் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்படி ஆகக் கூடாது.

கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு பக்கம் போகவே போகாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படி ஒரு குழியில் விழுந்து, நாள்கணக்கில் போராடியும் மீட்க முடியாமல் போனது. மூடாத போர் குழியைப் பார்த்தால் கேச் யோசனையை விட்டுவிட்டு ஊராட்சியில் சொல்லுங்கள்.

இடம் பார்ப்பது

நண்பர் அல்லது உறவினரின் தோப்பு, கொல்லை, மோட்டார் கொட்டகை, இவைதான் தொடங்குவதற்கு நல்ல இடங்கள். "அண்ணே, இந்தச் சுவத்துல ஒரு குழாய் மாட்டிக்கட்டுமா? தெரியாதவங்க அப்பப்போ வந்து பார்ப்பாங்க, பரவாயில்லையா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதைக் கேட்காமல் வாங்கிய அனுமதி அனுமதியே இல்லை.

படித்துறையில் கல் இடுக்குகளைப் பார்த்தால் ஆசை வரும். மே மாதத்தில் வறண்டு கிடக்கும் படித்துறை, வழக்கம்போல ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு வேறு இடம். சுவரில் படிந்திருக்கும் நீர்க்கறையைப் பாருங்கள், அதற்கு நன்றாக மேலே உள்ள இடம்தான் கணக்கு. ஆடிப்பெருக்கு அன்று அங்கே எவ்வளவு கூட்டம் வரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மதகு, ஷட்டர், கல்லணை போன்ற பாசனக் கட்டுமானங்களில் எதையும் செருகக் கூடாது. ரயில்வே இடம், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், பள்ளிக்கூடம், கோயில் வளாகம், இவையும் வேண்டாம். பெரிய கோயிலின் மதிலிலோ தாராசுரத்துக் கல்லிடுக்கிலோ அடையாளம் தெரியாத ஒரு டப்பா இருந்தால் வெடிகுண்டு நிபுணர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஏற்கெனவே உள்ள வேறு கேச்சிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. ஜியோகேச்சிங் தளத்தின் வரைபடத்தில் அதை முன்னமே பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் ஊற்றினால் மேலே வரும் குழாய்

உலகம் முழுக்க கேச் ஒளிப்பவர்கள் விரும்பிச் செய்யும் ஒரு வகை இது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு ஒன்று எனக்குத் தோன்றவில்லை. நிமிர்ந்து நிற்கும் குழாயின் அடியில் கேச் கிடக்கும், கை எட்டாது. தேடி வந்தவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது மிதந்து மேலே வரும். ஆழமான குழிக்குள் இருப்பதைத் தூக்கி எடுக்கும் அதே சுகம், ஆனால் ஒரு பிடி மண்ணைக்கூடத் தொட வேண்டாம்.

வேண்டியவை: உள்விட்டம் 4 செ.மீ. அளவுள்ள பிவிசி குழாய் 1 மீட்டர், அதற்கான எண்ட் கேப் ஒன்று, குழாய் ஒட்டும் சொல்யூஷன், கிளாம்ப் இரண்டு, ஒரு பெட் ப்ரீஃபார்ம். ப்ரீஃபார்ம் என்பது தண்ணீர் பாட்டிலாக ஊதுவதற்கு முன் சோதனைக் குழாய் வடிவில் இருக்கும் தடித்த பிளாஸ்டிக். பாட்டில் தயாரிக்கும் இடங்களில் கேட்டால் கிடைக்கும், சாதாரண தண்ணீர் பாட்டில் மூடியே அதற்கும் பொருந்தும். தண்ணீர் புகாது, மிதித்தாலும் உடையாது.

முதலில் ப்ரீஃபார்முக்குள் சீட்டைச் சுருட்டிப் போட்டு, மூடியை இறுக்கி, ஒரு வாளித் தண்ணீரில் விடுங்கள். நன்றாக மிதக்க வேண்டும். அப்புறம் குழாய்க்குள் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், எங்கும் உரசாமல் விழ வேண்டும். மூடிப் பக்கம் உரசினால் ஒரு சுற்றுப் பெரிய குழாயாக வாங்குங்கள். இந்த இரண்டையும் கடையிலிருந்து வந்தவுடனே பார்த்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை.

குழாயின் அடியில் எண்ட் கேப்பைச் சொல்யூஷன் தடவி ஒட்டி, ஒரு நாள் காய விடுங்கள். பிறகு கேப்பின் நடுவில் 2 மி.மீ. டிரில் பிட்டால் ஒரே ஒரு ஓட்டை போடுங்கள். இந்த ஓட்டைதான் மொத்த வேலையின் உயிர். 1 மீட்டர் குழாய்க்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சின்ன ஓட்டை என்பதால், ஊற்றும் வேகத்தைவிட வடியும் வேகம் குறைவு, கேச் மேலே வந்துவிடும். ஊற்றுவதை நிறுத்தினால் சில நிமிடங்களில் தண்ணீர் முழுதும் வடிந்து, கேச் பழையபடி அடிக்குப் போய்விடும். ஓட்டை இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி, கேச் எப்போதும் வாய்ப்பக்கமே மிதக்கும். அதோடு டெங்குக் கொசு முட்டையிட ஒரு இடத்தை நாமே செய்து கொடுத்ததாகிவிடும். ஓட்டையைப் பெரிதாக்கினால் ஊற்றும் தண்ணீர் நிற்காது. வடியும் ஒன்றையும் சேர்த்து, இரண்டு லிட்டர் தண்ணீர் இருந்தால் தாராளம்.

மோட்டார் கொட்டகையின் வெளிச் சுவரில், மின்கம்பியும் ஸ்டார்ட்டரும் இல்லாத பக்கத்தில், இரண்டு கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். குழாயின் வாய் ஒரு ஆளின் நெஞ்சளவு உயரத்தில் இருக்கட்டும், அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றால் ஓட்டையில் மண் அடைக்காது. பம்ப்செட் பக்கம் ஏற்கெனவே நாலு குழாய் நிற்கும். ஐந்தாவது ஒன்று யார் கண்ணையும் உறுத்தாது. இதைவிட நல்ல மறைப்பு கிடையாது, தனியாகப் பெயின்ட் அடிக்கவே வேண்டாம். குறுவை, சம்பா வேலை நடக்கிற நாளில் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. மற்ற நாளில் வருகிறவர் பாட்டிலோடு வரட்டும், கேச்சுக்கான இணையப் பக்கத்தில் அதை எழுதிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு பக்கமும் மூடிய பிவிசி குழாய் பார்ப்பதற்கு வெடிகுண்டு போலப் பயமுறுத்தும். மேல்வாய் திறந்தே இருக்கட்டும். குழாயின் பின்பக்கத்தில் "இது ஜியோகேச் விளையாட்டுக்கான குழாய், ஆபத்து இல்லை, நில உரிமையாளருக்குத் தெரிந்தே வைத்தது" என்று அழியாத மையில் தமிழில் எழுதி வையுங்கள்.

மரத்தில் தொங்கவிடுவது

உயரத்துக்கு மரம்தான் வழி. ஆனால் தேடுபவரை மரம் ஏறச் சொல்லாதீர்கள். கயிற்றை அவிழ்த்தால் கேச் இறங்கி வர வேண்டும், பெயர் எழுதியபின் இழுத்தால் மேலே போக வேண்டும்.

வேம்பு நல்லது. புளிய மரமும் சரி, ஆனால் குத்தகைக்கு விட்டிருந்தால் உலுக்கும் காலத்தில் கயிறு அறுந்துவிடும். தென்னை வேண்டாம், கிளையும் கிடையாது, மட்டையும் காயும் தலையில் விழும். பனையும் வேண்டாம், கதண்டு என்னும் பெரிய விஷக் குளவி கூடு கட்டியிருந்தால் உயிருக்கே ஆபத்து. எந்த மரமாக இருந்தாலும் தேன்கூடு, கதண்டுக் கூடு இருக்கிறதா என்று கீழே நின்று சுற்றி வந்து பார்த்த பிறகே கயிற்றை எடுங்கள்.

நாலைந்து மீட்டர் உயரத்தில் கையின் தடிமனைவிடப் பெரிய, பச்சையான கிளையைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய நூலின் நுனியில் ஒரு சின்ன மணல் பையைக் கட்டிக் கிளைக்கு மேலே எறிந்து, அந்த நூலோடு 4 மி.மீ. நைலான் கயிற்றை இழுத்துப் போடுங்கள். கயிறு கிளைமேல் உட்காரும் இடத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பழைய டியூபை ஒரு முழம் கோத்து விடுங்கள், பட்டை அறுபடாது. கிளை 5 மீட்டர் உயரம் என்றால் கயிறு 11 மீட்டராவது வேண்டும். கீழ் நுனியை அடிமரத்தில் அகலமான துணிப் பட்டையால் கட்டுங்கள். ஆணி அடிக்கவே கூடாது, அதை விதியும் அனுமதிக்காது, மரத்துக்கும் நல்லதில்லை. கயிறு பழுப்பு அல்லது கரும்பச்சையாக இருக்கட்டும். கேச்சின் எடை கால் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கயிறு நழுவினாலும் காயம் பெரிதாகாது.

மூங்கில் குத்து இருக்கும் இடத்தில் இதைவிட எளிதான வழி ஒன்று உண்டு. வெட்டிய மூங்கில் ஒன்றைக் கணுவுக்கு மேல் திறந்த வாயோடு மற்றவற்றுக்கு நடுவே நிமிர்த்திக் கட்டி, உள்ளே ப்ரீஃபார்மைத் தொங்கவிடுங்கள், போதும்.

பொந்துக்குள் கை போகக் கூடாது

வயல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குமே தமிழ்நாட்டில் உண்டு. ஆகவே மரப்பொந்து, வேர் இடுக்கு, 2018 நவம்பரில் கஜா சாய்த்த தென்னைகளின் பழைய அடிக்கட்டை, எங்கே வைத்தாலும் ஒரே விதிதான்: தேடுபவர் தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை விடும்படி வைக்காதீர்கள். டப்பாவில் ஒரு நூலைக் கட்டி, அதன் வளையத்தைப் பொந்துக்கு வெளியே விட்டுவிடுங்கள். வளையத்தைப் பிடித்து இழுத்தால் டப்பா வெளியே வரட்டும். குறிப்பிலும் "நூலைப் பாருங்கள், கை விட வேண்டாம்" என்று எழுதுங்கள். புதிர் கொஞ்சம் எளிதாகிவிட்டது என்று யாராவது குறைப்பட்டால் படட்டும்.

ஆயத்தொலைவு எடுப்பது

தென்னந்தோப்புக்குள் கைபேசி ஜிபிஎஸ் தடுமாறும். கேச் இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று அளவெடுங்கள், வேறு நாளில் வேறு நேரத்தில் மறுபடி எடுங்கள், சராசரியைப் போடுங்கள். தளத்தில் பாகையும் தசம நிமிடமுமாக எழுத வேண்டும். நிமிடத்தின் மூன்றாவது தசம இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.8 மீட்டர் தள்ளிப் போகும். அதனால் மூன்றாவது இலக்கம் வரை கவனம் தேவை.

உயரத்தை மட்டும் ஜிபிஎஸ்ஸிடம் கேட்காதீர்கள். தஞ்சாவூரில் நின்றுகொண்டு பார்த்தால் சில செயலிகள் உயரத்தை மைனஸில் காட்டும். ஜிபிஎஸ் கணக்கிடுவது பூமியின் கணித வடிவத்திலிருந்து. தென்னிந்தியாவில் கடல்மட்டம் அந்த வடிவத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே இருக்கிறது. திருத்தம் செய்யாத செயலி அப்படித்தான் காட்டும். கேச் தலைக்கு மேலா, இடுப்பளவா என்பதை நீங்கள்தான் குறிப்பில் சொல்ல வேண்டும்.

வெளியிடுவதும் பிறகும்

தளத்தில் பக்கத்தை உருவாக்கும்போது தேடும் கடினத்துக்கும் நிலப்பரப்புக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிடுவீர்கள். சக்கர நாற்காலியில் வந்து எடுக்க முடிந்தால் நிலப்பரப்பு 1, தனிக் கருவிகள் தேவைப்படும் ஏற்றம் இறக்கம் என்றால் 5. கொட்டகைக் குழாய்க்கு வரப்பில் நடக்கும் தூரத்தைப் பொறுத்து 2 போதும். தண்ணீர் தேவை என்பதையும் விவரத்தில் எழுதுங்கள். தன்னார்வப் பரிசீலகர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது வெளியே தெரியும். உரிமையாளரின் அனுமதியையும் குழாய் நிற்கும் விதத்தையும் அவருக்கான குறிப்பில் படத்தோடு எழுதினால் கேள்வி குறையும்.

சீட்டைச் சின்ன ஜிப் கவரில் போட்டுப் பென்சில் ஒன்று வையுங்கள், ஈரத்தில் பேனா மை ஊறும். ஐப்பசி மழைக்கு முன்பும் தை அறுவடைக்குப் பிறகும் போய்ப் பாருங்கள்: ஓட்டையில் குளவி மண் கட்டியிருக்கும், வெயிலில் நைலான் நைந்திருக்கும். குச்சியால் குத்திவிட்டு, கயிற்றை மாற்றுங்கள். தோப்பு கைமாறினால் அனுமதியும் புதிதாகக் கேட்க வேண்டும். புது உரிமையாளர் வேண்டாம் என்றால் பக்கத்தை மூடிவிட்டு, குழாயையும் கிளாம்ப்பையும் கழற்றி எடுத்து, சுவரில் விழுந்த ஓட்டைகளுக்குச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.