தண்ணீர் போக வழி விட்டீர்களா? வெளிப்புற மரத்தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மழைக்காலம் தாங்கிய மரத்தளம் அது. மேலே நின்று பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. பலகைகள் நேர்வரிசையாக, எண்ணெய் பூசிய பளபளப்போடு இருந்தன. கீழே குனிந்து, தூண் தரைக்குள் இறங்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை, பாதிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது நுனியில் ஈரமான பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. அந்தத் தளத்தைப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

தூணைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீரும் புகக்கூடாது என்று குழி தோண்டி, மரத்தை நிறுத்தி, கான்கிரீட்டைக் கொட்டி மூடியிருந்தேன். அந்த அக்கறைதான் தூணைக் கெடுத்தது. மரம் காயும்போது கொஞ்சம் சுருங்கும். கான்கிரீட் கூடவே சுருங்காது. இரண்டுக்கும் நடுவே மயிரிழைச் சந்து விழுகிறது. மழைநீர் அந்தச் சந்தில் இறங்கினால் வெளியேற வழியில்லை. நீர் தேங்கும் குவளைக்குள் தூணை நிறுத்திவைத்த கதைதான். சரி, ஏன் குறிப்பாகத் தரைமட்டத்தில் மட்டும் உளுத்துப்போனது? மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மண்ணுக்குள் ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்காது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது தரையை ஒட்டிய அந்த ஒரு சாண் இடத்தில்தான்.

புழுக்கமான ஊர்களில் மரவேலையின் சூட்சுமம் முழுக்க ஓர் எண்ணில் இருக்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், மழையே படாமல் நிழலில் சும்மா கிடக்கும் கட்டையே சுமார் 16 சதவீத ஈரத்தோடுதான் இருக்கும். அதாவது நமக்குக் கையில் இருக்கும் இடைவெளி நான்கே நான்கு சதவீதம். போதாக்குறைக்கு, பூஞ்சைக்கு மிகவும் பிடித்த வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி. குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் அதற்கு வேலை நிற்கும். வெப்பமும் புழுக்கமும் உள்ள இடத்தில் அதற்கு விடுமுறையே கிடையாது. மரத்தளம் பற்றிய வழிகாட்டிகளில் பல குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனி உறையும் ஆழம், பனிச்சுமை என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதை அப்படியே பின்பற்றுபவர்கள் தேவையில்லாததற்குக் கவலைப்பட்டு, தேவையானதை விட்டுவிடுகிறார்கள்.

மழையைத் தடுக்கப் பார்ப்பதைவிட, நனைந்த மரம் எவ்வளவு சீக்கிரம் காயும் என்று யோசிப்பதே மேல். தூணுக்கு அதை எப்படிச் செய்வது? கான்கிரீட் பீடத்தைத் தரைக்கு மேல் குறைந்தது 150 மி.மீ. உயர்த்துங்கள். பீடத்தின் தலையை மட்டமாக விடாமல் நாலாபுறமும் கொஞ்சம் வாட்டம் கொடுங்கள். அதன்மேல் இரும்பு ஷூ, அதாவது தூணின் அடியைப் பிடிக்கும் தாங்கி பொருத்தி, மரத்தின் அடி பீடத்தைத் தொடாமல் ஓர் அங்குலமாவது தூக்கி நிற்கவேண்டும். மேலே கூரை வருமென்றால் அந்த ஷூ தூணைத் தாங்கினால் மட்டும் போதாது, பிடித்து இழுத்துவைக்கவும் வேண்டும். சுவரில்லாத கூரையைக் காற்று அடியிலிருந்து தூக்கும். பீடத்தின் எடையும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

இந்த இடைவெளியால் கரையான் விஷயத்திலும் ஒரு லாபம் உண்டு. கரையான் வராமல் இது தடுக்காது. ஆனால் மண்ணிலிருந்து மரத்துக்குப் போக அது பீடத்தின் மேல் மண்குழாய் கட்டியாக வேண்டும், அது நம் கண்ணில் படும். தூண் மண்ணில் நேராக நின்றால், தளம் ஆட ஆரம்பித்த பிறகுதான் கரையான் வந்ததே தெரியும். அழகுக்காகப் பீடத்தைச் சுற்றிக் கல் ஒட்டி மறைப்பவர்கள் இந்த வசதியைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

தளத்தின் அடிப்பகுதியைச் சுற்றிப் பலகை அடித்து மூடுவதும் இதே ரகம். அடியில் தெரியும் கால்களும் மண்ணும் அசிங்கமாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். ஈர மண்ணிலிருந்து ஆவி எழுந்து, போக இடமில்லாமல் விட்டங்களின் அடியில் படியும். எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு விடுங்கள், காற்று குறுக்கே ஓடட்டும். விட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகுமளவு, அதாவது 450 மி.மீ. இருந்தால் நல்லது. நாளைக்குப் பழுது பார்க்க நீங்கள்தானே உள்ளே போகவேண்டும். அடியில் உள்ள மண்ணுக்கும் மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. வாட்டம் வேண்டும்.

அப்புறம் பலகைச் சந்து. மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாக்கில்தான் ஊதிச் சுருங்கும். சூளையில் நன்றாக உலர்த்திய 140 மி.மீ. அகலப் பலகை, மழைக்கால ஈரத்தை இழுத்தால் 3 மி.மீ. வரை பருக்கும். அதைச் சந்தே விடாமல் நெருக்கி அடித்தால் ஒன்றையொன்று முட்டித் தள்ளி, ஸ்க்ரூவையே பிடுங்கிக்கொண்டு மேலெழும். 5, 6 மி.மீ. விடவேண்டும். ஆனால் உளுக்காமல் இருக்க மருந்தேற்றிய கையோடு ஈரமாக வரும் பலகைக்கு இது தலைகீழ். அதை ஒட்டி அடித்தாலும் காயும்போது தானாகச் சந்து விழும். அதற்கும் 6 மி.மீ. விட்டால் பிறகு விரலே போகும் ஓட்டையாகிவிடும். எந்த மாதிரிப் பலகை வந்திறங்கியிருக்கிறது என்று பார்க்காமல் ஒரே அளவைப் பிடித்துக்கொள்வதுதான் இங்கே தவறு.

சந்தில் சேரும் இலைக் குப்பையைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். விட்டத்தின் தலையில் உட்கார்ந்த மக்கிய இலை, மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் ஈரத்தை விடாது. விட்டத்தின் தலைமேல் ஒட்டும் ப்யூட்டைல் டேப் என்ற ரப்பர் போன்ற பட்டை கிடைக்கிறது, ஒட்டிவிட்டால் ஸ்க்ரூ துளைகள் வழியே நீர் இறங்குவது குறையும். பலத்துக்காக இரண்டு விட்டங்களை ஒட்டவைத்து ஆணி அடிப்பதும் வழக்கம். அவற்றின் நடுவில் இறங்கிய தண்ணீர் அங்கேயே வாசம். துண்டுக்கட்டை வைத்துப் பிரித்து நிறுத்துங்கள்.

மரம் வாங்கும்போது பெயரைக் கேட்டு ஏமாறுவது அதிகம். தேக்கு என்றாலே போதும் என்கிறார்கள். வைரம் பாய்ந்த தேக்குதான் மழைக்குத் தாங்கும். அதே மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு அந்தக் குணம் இல்லை, சாதா மரம் போலவே சீக்கிரம் போய்விடும். பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருந்தேற்றிய மரத்தில் வேறு ஒரு பொறி. மருந்து பல நேரம் நடுவரை இறங்கியிருக்காது. நீங்கள் அறுக்கும் ஒவ்வொரு வெட்டுமுனையும் மருந்து படாத மரத்தைத் திறந்துவைக்கிறது. வெட்டுமுனை நெருக்கிக் கட்டிய மெல்லிய குழாய்கள் மாதிரி, பலகையின் மேற்பரப்பைவிடப் பலமடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். காப்பர் நாஃப்தனேட் போன்ற மருந்தை அறுத்த உடனே தூரிகையால் இரண்டு முறை தடவுங்கள். மிச்சத் துண்டுகளை எரிக்காதீர்கள். பழைய சிசிஏ (குரோமியம், செம்பு, ஆர்சனிக் கலவை) மருந்தேற்றிய கட்டையாக இருந்தால் அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறது.

கிடைத்த ஸ்க்ரூவைப் போட்டுவிட்டு, ஓர் ஆண்டுக்குப் பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூ தலையைச் சுற்றியும் கறுப்பாக வழிவதைப் பார்த்து மரம் மட்டம் என்பார்கள். மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்புச் சாயம் வரும். அந்தக் காலத்து எழுதும் மையே இந்த ரசாயனம்தான். வெள்ளையாகப் பளபளக்கும் மின்முலாம் பூசிய ஸ்க்ரூவில் துத்தநாகம் சில மைக்ரான் கனம்தான், சீக்கிரமே போய்விடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது பார்க்கச் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். வாங்கவேண்டியது அதுதான். செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் சாதா இரும்பையும் அலுமினியத்தையும் இன்னும் வேகமாகத் தின்னும்.

கடல் பக்கத்தில் என்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகத்தில் உப்புக்காற்று பட்டுத் தேநீர்க் கறை போலப் பழுப்பு படரும். 316இல் சேர்த்துள்ள மாலிப்டினம்தான் வித்தியாசம். இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று உண்டு. மழை நேராக விழும் இடத்தைவிட, கூரைக்கு அடியில் மழையே படாத போல்ட்டுகள்தான் சீக்கிரம் கெடும். வெளியே இருப்பதன் உப்பை மழை கழுவிவிடுகிறது, உள்ளே இருப்பதில் உப்பு படிந்துகொண்டே போகிறது. அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு முலாம் பூசிய வாஷர் போடுவதும் கூடாது. இரண்டு உலோகம் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். வாஷர் சின்னதாக இருப்பதால் சீக்கிரமே காணாமல் போகும்.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை பணத்தைத்தான் தின்னும். தளத்தை வீட்டுச் சுவரில் மாட்டுவது ஆளையே விழவைக்கும். சுவரோரச் சட்டத்தை ஆணியால் அடித்துவைத்தால், மேலிருந்து வரும் சுமையைத் தாங்குவது போலத் தெரியும். பத்துப் பேர் நின்று ஆடும்போது சட்டம் சுவரை விட்டு வெளியே இழுக்கப்படுகிறது. இழுவிசைக்கு ஆணி நிற்காது, உருவிக்கொண்டு வந்துவிடும். ஊடுருவிப் போகும் போல்ட் வேண்டும். உள்ளே பொள்ளலான கட்டடக் கல் என்றால், சுவருக்குள் விரிந்து பிடிக்கும் சாதா ஆங்கர் போல்ட்டும் பிடிக்காது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இறங்கும் நீர் வீட்டுச் சுவரையும் ஊறவைக்கும், அதற்கு மேலே தகடு வளைத்துச் செருகவேண்டும். இத்தனை தொல்லை எதற்கு? சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, சொந்தக் காலில் நிற்கும் தளமாகப் போட்டுவிடுங்கள். அதற்குக் குறுக்குத்தாங்கு கொடுத்து ஆடாமல் நிறுத்தினால் போதும்.

பூச்சு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வார்னிஷ் வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் அடியில் இருக்கும் மரத்தின் லிக்னினை, அதாவது நார்களைப் பிணைக்கும் பசை போன்ற பொருளைச் சிதைக்க, ஏடு ஏடாக உரியும். உரிந்த இடத்தில் புகுந்த நீர் உரியாத இடத்தின் அடியில் மாட்டிக்கொள்ளும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய்ப் பூச்சு நிறம் மங்கினாலும் உரியாது, மேலேயே மறுபடி பூசலாம். காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெயை மட்டும் தவிருங்கள், அது பூசணத்துக்கே தீனி. பலகையை அடிப்பதற்கு முன்பே ஆறு பக்கமும் பூசுங்கள். அடித்தபிறகு அடிப்பக்கம் கைக்கு எட்டாது.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை போட்டால் இந்தத் தலைவலி எல்லாம் போய்விடும் என்பது பாதி உண்மை. அது நீளவாக்கில் விரியும், அதனால் முனைகளில் இடம் விடவேண்டும். மரத்தைவிட அதிகம் தொய்வதால் விட்டங்கள் நெருக்கமாக, நடுவிலிருந்து நடுவுக்கு 400 மி.மீ.க்கு மேற்படாமல் வரவேண்டும். அடர்நிறம் வாங்கினால் மதியம் வெறுங்காலோடு மிதிக்க முடியாது.

மேலே பாலிகார்பனேட் ஷீட் போடுபவர்கள் ஸ்க்ரூ தடிமனுக்கே துளை போட்டு இறுக்கிவிடுகிறார்கள். 3 மீட்டர் ஷீட், 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 8 மி.மீ. நீளும். துளை பெரிதாக இல்லாவிட்டால் அங்கிருந்தே கீறல் விடும். உள்ளே குழல் குழலாக இருக்கும் ஷீட் என்றால் குழல்கள் சரிவோடு மேலிருந்து கீழே ஓடவேண்டும். மேல்முனையை அடைத்துவிடுங்கள், கீழ்முனையில் நீர் கசிய வழி விடுங்கள். இல்லையென்றால் ஓர் ஆண்டில் உள்ளே பச்சைப் பாசியைப் பார்க்கலாம். இரும்புக் குழாய்ச் சட்டங்களும் அப்படித்தான். வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளே சேர்ந்த நீர் உள்ளிருந்தே துருவேற்றும். மேல்முனைக்கு மூடி, அடியில் ஒரு சின்னத் துளை.

எல்லாம் முடிந்து முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்ததும், இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு தளத்துக்கு அடியில் தவழ்ந்து போங்கள். இன்னும் ஈரம் காயாத இடத்தில் எல்லாம் வட்டம் போடுங்கள். உளுப்பு தொடங்கப்போவது அந்த வட்டங்களில்தான். நான் திரும்பப் போட்ட தளத்தில் மூன்று வட்டம் விழுந்தது. இரண்டை அன்றைக்கே தட்டிச் சரிசெய்தேன். மூன்றாவது, படிக்கட்டின் அடிப்பலகை. அதை இன்னும் தூக்கி நிறுத்தவேண்டியிருக்கிறது.