பழைய ஃபிலிம் கேமராவில் சிற்றூர்களைப் படமெடுக்கும் முறை

கிளம்புமுன் கேமராவின் பின்மூடியைத் திறந்து, ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டைகள் பிசுபிசுத்து உதிர்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். ஒளிமானியை முழுதாக நம்ப வேண்டாம். 1960களின் கேமராக்கள் பலவும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கென அமைக்கப்பட்டவை என்பதால், இன்று கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியை இட்டால் அளவீடு பிழைபடக்கூடும். தெளிந்த வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16இல் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) வைத்து, ஃபிலிமின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டிய ஷட்டர் வேகத்தைத் தேர்வதே எளிது: ஐஎஸ்ஓ 400 என்றால் 1/500 நொடி. திண்ணை நிழலில் அமர்ந்திருப்பவருக்கு எஃப் 4 வரை திறக்க வேண்டியிருக்கும். நெகட்டிவ் ஃபிலிம் சற்றுக் கூடுதலான ஒளியைத் தாங்கும். நேரடியாக உண்மை நிறத்திலேயே படம் தரும் ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

கடைத்தெருவில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 11இல் ஏறத்தாழ 4 மீட்டருக்குக் குவித்து வைத்துவிட்டால், 2 மீட்டருக்கு அப்பாலுள்ள அனைத்தும் போதிய தெளிவுடன் பதியும் என்பதால், ஒவ்வொரு முறையும் குவியத்தைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாய்ந்த காலை வெயில் சுவரின் விரிசலையும் பெயர்ப்பலகையில் உரிந்த சாயத்தையும் எடுத்துக்காட்டும். உச்சி வெயில் தட்டையாக்கிவிடும்.

சிற்றூரில் புதியவர் உடனே கண்ணில் படுவார். ஆகவே முதலில் பேசி, இசைவு பெற்ற பிறகே கேமராவை உயர்த்த வேண்டும். மறைந்திருந்து எடுப்பது, என் கருத்தில், நாகரிகமன்று. எடுத்து முடித்த சுருள்களை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்கக் கூடாது.