ஊர் ஓட்டத்துக்கு முடிவுப் பட்டியல் போடும் விதம்: இரண்டு போன், ஒரு கொப்பி

எங்கள் குழு மட்டக்களப்பு கல்லடியில் வைத்த முதல் ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்துக்கு முதல் பத்துப் பேரின் பெயரை மட்டும் வட்ஸ்அப்பில் போட்டோம். மற்றவர்களுக்கு நேரமே எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு அக்கா சந்தையில் என்னை மறித்தா. "தம்பி, நானும் முழுக்க ஓடினேன்தானே, எண்ட பேர் எங்க?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஓட்டத்துக்கு அவ வரவுமில்லை.

அன்றிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் நேரம் எடுக்கிறோம். விலையான கருவி ஒன்றும் கிடையாது. இரண்டு போன், ஒரு கொப்பி, கயிறு, நாலு பேர். அறுபது எழுபது பேர் ஓடும் ஓட்டத்துக்கு இது தாராளம். உங்கள் ஊரிலும் செய்யலாம்.

படி 1: தூரத்தை அளந்துவிடுங்கள்

போனில் உள்ள ஓட்டச் செயலி ஐந்து கிலோமீற்றர் என்று காட்டினால் அது ஐந்து கிலோமீற்றர்தான் என்று நம்ப வேண்டாம். ஒரே பாதையை ஓடி முடித்த மூன்று பேரின் போனைப் பாருங்கள், மூன்று தூரம் இருக்கும். சைக்கிள் சில்லு அப்படி மாறாது. ரயரில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். ஆள் ஏறி இருந்தபடியே பத்துச் சுற்று உருட்டி, நிலத்தில் விழுந்த தூரத்தை நாடாவால் அளந்து பத்தால் வகுங்கள். ஆள் ஏறினால் ரயர் கொஞ்சம் அமுங்கும், அதனால்தான் வெறும் சைக்கிளை உருட்டி அளக்கக் கூடாது. ஒரு சுற்று 2.10 மீற்றர் என்று வந்தால், காந்தம் பூட்டும் மலிவான சைக்கிள் மீற்றரில் 2100 (மில்லிமீற்றர்) என்று பதிந்துவிட்டுப் பாதையில் ஓட்டுங்கள். வளைவில் ஓடுபவர் எவ்வளவு உள்ளால் வெட்டுவாரோ, நீங்களும் அவ்வளவு உள்ளால் போக வேண்டும்.

வீதி ஓட்டங்களை முறைப்படி அளப்பவர்கள் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் வீதம் கூட்டி வைப்பார்கள். பாதை நீண்டுவிட்டால் பரவாயில்லை, குறைந்துவிட்டால் எல்லோருடைய நேரமும் பொய். போய்த் திரும்பும் ஐந்து கிலோமீற்றர் என்றால், திரும்பும் இடத்தை 2.5 கிலோமீற்றரிலிருந்து இன்னும் இரண்டரை மீற்றர் தள்ளி வையுங்கள்.

எங்கள் ஊர் வெபர் மைதானம் மாதிரி ஓடுபாதை கிடைத்தால் அளக்கும் வேலை மிச்சம். 400 மீற்றர் பாதையில் பன்னிரண்டரைச் சுற்று. ஆனால் அறுபது பேருக்குச் சுற்று எண்ணுவது பெரிய தலையிடி. ஒருவர் பதினொன்று என்பார், எண்ணியவர் பத்து என்பார். புதியவர்களுக்கு நான் எப்போதும் போய்த் திரும்பும் பாதையைத்தான் சொல்வேன்.

பொது வீதி என்றால் பொலிசுக்கும் மாநகர சபைக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

படி 2: இலக்க அட்டையும் பதிவும்

பெயரை நம்பி வேலை செய்யாதீர்கள், இலக்கத்தை நம்புங்கள். நம் ஊரில் முதலெழுத்தும் பெயருமாக ஒரே மாதிரி மூன்று பேர் வருவார்கள். அண்ணனும் தம்பியும் ஓடினால் முதலெழுத்தும் ஒன்றுதான். பதிவுக் கொப்பியில் இலக்கம், பெயர், ஆண் அல்லது பெண், பிறந்த ஆண்டு, அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும். அந்த எண் கொப்பியை விட்டு வெளியே போகக் கூடாது.

அட்டையில் அழியாத மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். வாவிக்கரைக் காற்றில் வியர்வை காயாது, சாதாரண மை இரண்டாவது கிலோமீற்றரிலேயே வழிந்துவிடும். அட்டை நெஞ்சில் இருக்க வேண்டும், முதுகில் அல்ல. நாலு மூலையிலும் ஊக்கு.

படி 3: தொடக்கம்

இரண்டு போனிலும் நிறுத்தற்கடிகாரத்தை ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒன்று வேலைக்கு, மற்றது காவலுக்கு. இரண்டையும் அழைப்பு வராத விமான நிலைக்கு (பிளைட் மோட்) மாற்றியபின்தான் அழுத்த வேண்டும். எங்கள் இரண்டாவது ஓட்டத்தில் முதலாவது ஆள் கோட்டுக்கு ஐம்பது மீற்றர் தூரத்தில் வரும்போது, நேரம் எடுத்த போனுக்கு என் மச்சான் அழைப்பு எடுத்தான். திரை மறைந்துவிட்டது. "ஓட்டம் முடிஞ்சுதா மச்சான்?" என்று கேட்கத்தானாம்.

படி 4: முடிவுக் கோடு

தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரே ஆள் போனைப் பார்த்து நேரத்தையும், ஆளைப் பார்த்து இலக்கத்தையும் எழுத முடியாது. நாலு பேர் சேர்ந்து வந்தால் கண் எங்கே போகும்? ஆகவே வேலையைப் பிரியுங்கள். ஒருவர் போனோடு கோட்டில் நிற்பார். ஆள் கோட்டைத் தாண்டும்போது சுற்று நேரப் பொத்தானை (Lap) அழுத்துவது மட்டும்தான் அவர் வேலை. யார் வந்தார் என்று அவர் பார்க்கவே தேவையில்லை. கோட்டுக்கு அப்பால் தடி நட்டுக் கயிறு கட்டி, ஒருவர் பின் ஒருவராகப் போகும் ஒடுங்கிய வழி ஒன்று செய்யுங்கள். அதன் முடிவில் கொப்பியோடு நிற்பவர், வந்த ஒழுங்கில் இலக்கத்தை மட்டும் எழுதுவார். மூன்றாமவர் வழிக்குள் நின்று, யாரும் முந்தாமலும் குந்தாமலும் பார்ப்பார். ஓடி வந்தவருக்கு உடனே குந்த வேண்டும் போலிருக்கும், மெல்லத் தோளில் பிடித்து நடத்துங்கள். நாலாமவர் தண்ணீர் கொடுப்பார், தேவைப்பட்டால் மாற்றாளும் அவர்தான்.

இப்படி உங்களிடம் இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்றில் நேரம் மட்டும், மற்றதில் இலக்கம் மட்டும். முதலாவது நேரம் முதலாவது இலக்கத்துக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு என்று பொருத்த வேண்டும். ஒரு இடத்தில் பிசகினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் பிசகும். அதனால் ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும் போனில் நிற்பவர் "பத்து!", "இருபது!" என்று கத்த வேண்டும். அந்த ஆள் வழியின் முடிவுக்கு வரும்போது கொப்பிக்காரர் அவருடைய இலக்கத்தின் கீழே கோடு இழுப்பார்.

உதாரணமாக, நேரம் 43 இருக்கிறது, இலக்கம் 42தான் இருக்கிறது என்று வையுங்கள். எந்தப் பத்துக்குள் பிழை என்று அந்தக் கோடுகள் காட்டிவிடும். அங்கே ஒரு செக்கனுக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு நேரம் கிடந்தால் விரல் இரண்டு தரம் பட்டிருக்கிறது, ஒன்றை வெட்டுங்கள். இல்லாவிட்டால் யாரோ அட்டையில்லாமல் வழிக்குள் புகுந்திருக்கிறார். பெரும்பாலும் தகப்பனோடு கடைசி நூறு மீற்றர் ஓடி வந்த சின்னப் பிள்ளை.

மாற்றாளின் போனில் முடிவுக் கோட்டை வீடியோ எடுத்து வைப்பதும் நல்லது. சண்டை வந்தால் உதவும்.

படி 5: தாளில் ஏற்றுதல்

கூகுள் ஷீட்டோ எக்செல்லோ, எதிலும் நிரல்கள் இவை: இடம், இலக்கம், பெயர், பிரிவு, நேரம், கிலோமீற்றருக்கு எவ்வளவு. ஒருவர் கொப்பியை வாசிக்க மற்றவர் தட்டினால் அரை மணித்தியாலத்தில் முடியும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 27 நிமிடம் 14 செக்கனை 27:14 என்று தட்டினால் கணினி அதை 27 மணித்தியாலம் 14 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். 0:27:14 என்று தட்டுங்கள். அதை ஐந்தால் வகுத்தால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5 நிமிடம் 27 செக்கன். செக்கனின் பின்னம் இருந்தால் அடுத்த முழுச் செக்கனுக்கு ஏற்றுவதுதான் வீதி ஓட்ட விதி: 27:13.2 வந்தால் 27:14.

இன்னொன்று, பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டாதீர்கள். உங்கள் கணினியில் அழகாகத் தெரியும், அடுத்தவர் போனில் ஆங்கில எழுத்துக் குவியலாகப் போய் நிற்கும். யுனிகோட் தமிழில் தட்டி, படமாக எடுத்து அனுப்புங்கள்.

பாதியில் நின்றவர்களுக்கு "முடிக்கவில்லை" என்று போடலாம், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களின் பெயரைப் போட வீட்டாரின் சம்மதம் வேண்டும். தலைப்பில் "தற்காலிக முடிவு" என்று எழுதி ஒரு நாள் அவகாசம் விடுங்கள். பிழை சொல்ல இரண்டு பேராவது வருவார்கள், அநேகமாக ஒருவர் சொல்வது சரியாக இருக்கும்.

படி 6: அடுத்த ஓட்டத்தின் அறிவித்தல்

இதைத் தனியாக அனுப்பாதீர்கள், முடிவுப் பட்டியலின் அடியிலேயே வையுங்கள். தன் பெயரைத் தேடி வருபவர் கீழே வரைக்கும் பார்ப்பார். "வருகிற ஞாயிறு" என்று எழுதினால் அந்தப் படம் ஒரு கிழமை கழித்து யாருக்காவது போய்ச் சேர்ந்து, அவர் விடியற்காலையில் வெறும் கடற்கரையில் நிற்பார். திகதி, கிழமை, கூடும் நேரம், தொடங்கும் நேரம் எல்லாம் வேண்டும்.

நாள் குறிக்கும்போது ஊரையும் பாருங்கள். மாரியில், முக்கியமாக நவம்பர் முதல் ஜனவரி வரை, பாதை வெள்ளத்தில் கிடக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆறு மணிக்கே தொடங்காவிட்டால் வெயில் கொன்றுவிடும். ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழா, அந்த நாட்களில் வீதியும் கிடையாது, ஆளும் கிடையாது. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர் நண்பர்களைக் காலையில் ஓடக் கூப்பிடுவது சரியில்லை. ஞாயிறு என்றால் காலைப் பூசைக்குப் போகிறவர்கள் வீடு திரும்ப நேரம் இருக்க வேண்டும்.

அறிவித்தலின் கடைசி வரியை நாங்கள் ஒரு முறையும் மாற்றுவதில்லை: "ஓடலாம், நடக்கலாம். கடைசி ஆள் வரும்வரை நேரம் எடுக்கப்படும்." அந்த அக்கா நாலாவது ஓட்டத்துக்கு வந்தா. 58ஆம் இடம், 46:09.