கமக்காரர் அமைப்புக்கு யாப்பு எழுத ரோமரைக் கூப்பிடுங்கள்

மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கள் வயல் வட்டையின் கமக்காரர் அமைப்புக்குப் புது யாப்பு, அதாவது விதிக்கோவை, எழுதித் தரச் சொன்னார்கள். வரலாறு படிப்பித்த வாத்தியார் ஓய்வில் சும்மாதானே இருக்கிறார் என்ற நினைப்பு. நோக்கம், அங்கத்துவம், சந்தா எல்லாம் எந்த மாதிரி யாப்பிலும் கிடைக்கும். அதிகாரம் யாரிடம், எவ்வளவு காலத்துக்கு என்ற பகுதிக்குத்தான் நான் ரோமக் குடியரசிடம் போனேன்.

முதலில் வாக்களிப்பை எழுதுங்கள், பதவிகள் பிறகு. எங்கள் கூட்டங்களில் கை உயர்த்தித்தான் தெரிவு. வயல் சொந்தக்காரரான போடியார் முன்வரிசையில் கதிரை போட்டு இருக்கையில், அவருடைய வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் யாருக்குக் கை உயர்த்துவார்? ரோமிலும் இதே கதைதான். பெரிய வீட்டாரை அண்டிப் பிழைத்தவர்கள் தேர்தலில் வாயால் சொல்லித்தான் வாக்களித்தார்கள். கி.மு. 139இல் இரகசிய வாக்குச் சட்டம் வந்தது. மெழுகு பூசிய சிறு பலகையில் எழுதிப் போட்டார்கள். உங்களுக்குக் கொப்பித் தாளை நாலாகக் கிழித்து, ஒரு பிஸ்கட் ரின் வைத்தால் போதும். எழுத வராதவர்களுக்காக ஆளுக்கொரு சின்னம் கொடுங்கள்.

ரோமரிடம் எடுக்கக்கூடாததும் இங்கேதான் இருக்கிறது. ஓராண்டுக்கு ஆட்சித் தலைவர்களாக இருக்கும் கன்சல்களைத் தெரிவு செய்த சபையில் 193 வாக்குத் தொகுதிகள். ஆரம்ப அமைப்பில் அவற்றில் 98 குதிரைவீரருக்கும் முதல் பணக்கார வகுப்புக்கும் போனது. அவர்கள் ஒத்துப்போனால் ஏழையின் முறை வருமுன்னரே முடிவு தெரிந்துவிடும். ஏக்கருக்கு ஒரு வாக்கு என்று யாராவது கேட்டால் (எங்களிடமும் கேட்டார்கள்) இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அப்புறம் அறிவித்தல். எனக்கு மிகப் பிடித்தது கி.மு. 98இன் சட்டம். மசோதாவை வெளியிட்டு மூன்று சந்தை நாட்கள் போன பிறகே வாக்கெடுப்பு. தொடர்பில்லாத விடயங்களை ஒரே சட்டத்தில் கட்டவும் கூடாது. வாய்க்கால் துப்புரவையும் தலைவரின் போக்குவரத்துச் செலவையும் ஒரே தீர்மானத்தில் போட்டால், வாய்க்காலுக்காகக் கை உயர்த்துபவர் செலவுக்கும் சேர்த்துத்தான் உயர்த்துகிறார். ஆகவே மூன்று வாரத்துக்கு முன் தீர்மானத்தைக் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் ஒட்டவேண்டும், ஒரு தீர்மானத்தில் ஒரு விடயம்தான் என்று எழுதுங்கள்.

பணத்துக்கு இரண்டு கையெழுத்து. கன்சல்கள் இருவர், ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம் என்பதன் சின்ன வடிவம் அது. முன்கூட்டியே ஒருவர் கையெழுத்திட்ட காசோலைப் புத்தகம் இருந்தால் விதி வெறும் அலங்காரம்தான்.

பதவிக் காலத்தில் இளகாதீர்கள். அதே பதவிக்குத் திரும்பி வரப் பத்தாண்டு இடைவெளி வேண்டும் என்று கி.மு. 342இலேயே ரோமர் விதித்தார்கள். ஆனாலும் வடக்கே எதிரி வருகிறான் என்ற பயத்தில் தளபதி மாரியுஸ் கி.மு. 104 முதல் 100 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து கன்சல். நம் நாட்டிலும் 18ஆவது திருத்தம் 2010இல் ஜனாதிபதியின் இரண்டு தவணை வரம்பை எடுத்தது, 19ஆவது 2015இல் திருப்பிக் கொண்டுவந்தது. சங்கத்தில் அந்தப் பயத்தின் பெயர் வெள்ளம்: “இந்த மாரியில ஆளை மாத்தக் கூடாது.” அதற்கும் வழி எழுதலாம். ரோமில் ஆபத்துக்கால சர்வாதிகாரிக்கு ஆறு மாதம்தான் உச்சம். குளக்கட்டு உடைந்தால் தலைவருக்கு இரண்டு வாரத் தனி அதிகாரம், அது தானாகவே முடியும், நீடிக்கப் பொதுக்கூட்டம் வேண்டும் என்று போடுங்கள். சீசருக்கு கி.மு. 44இல் ‘வாழ்நாள்’ என்று கொடுத்தவர்கள் இந்த முடிவுத் தேதியைத்தான் கைவிட்டார்கள்.

எழுதி முடித்ததும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தோடு எங்காவது மோதுகிறதா என்று கமநல சேவை நிலையத்தில் காட்டுங்கள். பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னரே போங்கள். விதைப்புத் தொடங்கிவிட்டால் உத்தியோகத்தரையும் பிடிக்க முடியாது, அங்கத்தவரையும் பிடிக்க முடியாது.